ஓடாத பிரேக்கும் கெடும்: மின்சாரக் காரில் பிரேக் ஆயில் மாற்றும் முறை

மின்சாரக் காரில் என்ஜின் ஆயில் கிடையாது, கிளட்ச் கிடையாது, ஸ்பார்க் பிளக் கிடையாது. ஆனால் பானெட்டைத் திறந்தால், ஸ்டீயரிங் இருக்கும் பக்கத்தில், கண்ணாடியை ஒட்டிய மூலையில் கைக்கு அடக்கமான ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். அதிலுள்ள வெளிர்மஞ்சள் திரவம்தான் நீங்கள் பெடலை மிதிக்கும் அழுத்தத்தை நான்கு சக்கரங்களுக்கும் கொண்டுபோகிறது. பெட்ரோல் காரில் இருக்கும் அதே பிரேக் ஆயில். அதை வீட்டு வாசலில் வைத்தே மாற்றுவது எப்படி என்று இந்த அத்தியாயம் சொல்கிறது. ஆந்திர எல்லையோரத்து வெதுருகுப்பம், பச்சிகாபள்ளம், கார்வேட்டிநகரம் பக்கம் இருப்பவர்கள் கம்பெனி சர்வீஸ் என்றால் பெரும்பாலும் திருப்பதிக்கோ சித்தூருக்கோதான் போக வேண்டும். ஒரு நாள் பிழைப்பு கெடும் என்று இந்த வேலையைத் தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போட நல்ல காரணமும் கிடைத்துவிடுகிறது: மின்சாரக் காரை மோட்டாரே பாதி நிறுத்திவிடுகிறது, பிரேக்குக்கு ஏது வேலை என்பது. அந்தக் காரணம் தவறானது. வேலையைத் தொடங்குமுன் அது ஏன் தவறு என்று தெரிந்துகொண்டால்தான் பின்னால் வரும் படிகளை அவசரப்படாமல் செய்வீர்கள்.

கிலோமீட்டர் பார்க்காதீர்கள், தேதி பாருங்கள்

பிரேக் ஆயில் தேய்மானத்தால் கெடுவதில்லை. காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்வது அதன் இயல்பு. டப்பா மூடியின் சிறு துளை வழியாகவும், சக்கரத்துக்குப் போகும் ரப்பர் குழாய்களின் சுவர் வழியாகவும் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். வண்டி தினம் 100 கி.மீ. ஓடினாலும் ஷெட்டில் நின்றாலும் இதில் பெரிய மாற்றம் இல்லை. டாட் 4 என்ற தரத்துப் புதிய ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. அதே ஆயிலில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு விதி எதிர்பார்ப்பது 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205 டிகிரியிலிருந்து 140-க்கு இறங்கிவிடும். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். நீங்கள் பெடலை அடிவரை மிதிப்பீர்கள், சக்கரத்துக்கு அழுத்தம் போய்ச் சேராது.

மோட்டார் நிறுத்தும்போது பிரேக் சூடாவதே இல்லையே, கொதிநிலை குறைந்தால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு நம் ஊர்ப் பக்கத்துச் சாலை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 1944-ல் திறந்த திருமலையின் முதல் மலைப்பாதை இன்று இறங்குவதற்குப் பயன்படுகிறது. சுமார் 19 கி.மீ., 36 கொண்டை ஊசி வளைவுகள். திருமலைக்கும் திருப்பதிக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 700 மீட்டர். ஆட்களோடு 1,800 கிலோ எடையுள்ள கார் அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது மூன்றரை யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றலை எங்காவது விட்டாக வேண்டும். டயர் உருளும் தடையில் ஒரு யூனிட் போனாலும் மீதி இரண்டரை யூனிட் இருக்கிறது. பேட்டரியில் இடம் இருந்தால் மோட்டார் அதில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். திருப்பதியிலிருந்து ஏறிப்போன வண்டியில் இடம் இருக்கத்தான் செய்யும், அதனால் பெரும்பாலான நாட்களில் பிரேக் சூடாகாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மேலேயே சார்ஜ் போட்டு நிரப்பிக்கொண்டு கிளம்பினால் மோட்டார் வாங்கிக்கொள்ளாது. மழையில் சக்கரம் வழுக்கினால் வண்டியே மோட்டார் பிடிப்பைக் குறைத்துவிடும். வளைவுக்குள் நுழையும்போது வேகம் நடைவேகத்துக்கு வரும் கடைசிக் கட்டத்தில் நிறுத்துவது பிரேக்தான். வருஷம் முழுக்கச் சும்மா இருந்த பிரேக், எல்லாச் சுமையும் ஒரே நேரத்தில் விழும் நாளில் பழைய ஆயிலோடு வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு, பலர் கவனிப்பதில்லை. பயன்படுத்தாத பிரேக் இறுகிக்கொள்ளும். பேட்களை டிஸ்க்கில் அழுத்தும் காலிபர் வழுக்கி ஓடும் பின்களில் கிரீஸ் காய்ந்து துரு பிடிக்கும். ஆயிலில் சேர்ந்த தண்ணீர் பிஸ்டனை உள்ளிருந்து அரிக்கும். ஒரு சக்கரத்தில் பேட் டிஸ்க்கை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே இருந்தால், நீங்கள் பிரேக்கே மிதிக்காமல் அந்த ஒரு காலிபரில் மட்டும் சூடு ஏறும். பெட்ரோல் காரில் தினமும் மிதிப்பதால் பின்கள் அசைந்துகொண்டிருக்கும். மின்சாரக் காரில் அந்த அசைவு குறைவு. ஆகவே ‘பிரேக் அதிகம் பயன்படுவதில்லை’ என்பது ஆயில் மாற்ற வேண்டாம் என்பதற்கான காரணமே இல்லை. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்து மாற்ற வேண்டும் என்பதற்கான காரணம் அதுதான். உங்கள் வண்டிக் கையேடு வேறு கால அளவு சொன்னால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் ஆண்டுக்கணக்கைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பேனா போன்ற ஈரமானி வாங்கி டப்பாவில் விட்டுப் பச்சை விளக்கு எரிந்தால் போதாதா என்பது அடுத்த ஆட்சேபம். அந்தக் கருவி மின்கடத்தலை வைத்து ஈரத்தை ஊகிக்கிறது. அது தொடுவது டப்பாவில் இருக்கும் ஆயிலை. சூட்டையும் ஈரத்தையும் அதிகம் பார்ப்பது காலிபரில் இருக்கும் ஆயில். அது டப்பாவுக்குத் திரும்பி வந்து கலப்பது மிகவும் குறைவு. சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே மாற்றுங்கள். பச்சை எரிகிறது என்பதால் தேதியைத் தள்ளாதீர்கள். நிறத்தை வைத்து முடிவெடுப்பது இதைவிட மோசம்: தெளிவாக இருக்கும் ஆயிலிலும் தண்ணீர் இருக்கலாம்.

யார் இதைத் தொடக் கூடாது

பிரேக் உயிர்காக்கும் பாகம், வீட்டில் கைவைக்கலாமா என்ற தயக்கம் சரியானதே. அதற்கு என் பதில் இது: இந்த வேலையில் நுணுக்கமான கைத்திறன் தேவையில்லை, வரிசை தவறாமை தேவை. வரிசையைக் காப்பாற்ற முடியாத இடங்களை முதலிலேயே விலக்கிவிட்டால் மிச்சமிருப்பது கவனமுள்ள எவரும் செய்யக்கூடியது. வண்டிக் கையேடு பிரேக் ஆயில் மாற்றக் கணினிக் கருவி வேண்டும் என்று சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். புதிய வண்டிகள் பலவற்றில் பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், ஏபிஎஸ் எல்லாம் ஒரே பெட்டியாக வருகின்றன. பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே வால்வுகளைக் கணினிதான் திறந்து மூடும். 2025-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த எம்ஜி சைபர்ஸ்டர் போன்ற ஸ்போர்ட்ஸ் கார் உங்களிடம் இருந்தாலும் கையேட்டைத் திறக்காமல் ஸ்பேனரை எடுக்காதீர்கள். ஏறக்குறைய 2 டன் எடையை 3 விநாடி சொச்சத்தில் 100 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுபோகும் வண்டி அது. நிறுத்தும் அமைப்பும் அதற்கேற்ற சிக்கலோடுதான் இருக்கும். அத்தகைய வண்டியை மலைப்பாதையில் விரட்டி ஓட்டுபவர்கள் இரண்டு ஆண்டு காத்திருக்காமல் ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது.

வாரண்டி காலத்தில் இருக்கும் வண்டிக்கு கம்பெனி சர்வீஸில் செய்து பில் வாங்கிக்கொள்வதே நல்லது. பின்னால் பிரேக் சம்பந்தமாக ஒரு தகராறு வந்தால் அந்தக் காகிதம் பேசும். பிரேக் விளக்கு எரிந்துகொண்டிருந்தாலோ, டப்பாவில் ஆயில் மட்டம் சட்டென்று இறங்கியிருந்தாலோ, எங்காவது ஒழுகினாலோ அது ஆயில் மாற்றும் விஷயமே இல்லை, பழுது. மெக்கானிக்கிடம் விடுங்கள்.

வாங்கி வைக்க வேண்டியவை

ஆயிலை முதலில் பேசிவிடுவோம். டப்பா மூடியின் மேலேயே எந்த ஆயில் என்று அச்சடித்திருப்பார்கள். டாட் 4 என்றால் டாட் 4 வாங்குங்கள். 1 லிட்டர் போதும், மிஞ்சும். சென்னை பாடியில் 1962 முதல் இயங்கும் பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தின் ஆயில் உட்பட நல்ல தயாரிப்புகள் திருப்பதி, சித்தூர், புத்தூர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கிடைக்கும். சீல் உடையாத டப்பா மட்டுமே வாங்க வேண்டும். கடைக்காரர் திறந்த டப்பாவிலிருந்து கால் லிட்டர் ஊற்றித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்: திறந்து வைத்த ஆயில் ஏற்கெனவே ஈரத்தைக் குடித்திருக்கும், நீங்கள் பழைய ஆயிலை எடுத்துவிட்டு இன்னொரு பழைய ஆயிலை ஊற்றுவீர்கள். டாட் 5 என்று எழுதியிருந்தால் அது சிலிக்கான் ஆயில், உங்கள் வண்டிக்கு ஆகாது. டாட் 5.1 வேறு, அது டாட் 4 இனத்தைச் சேர்ந்தது. இலக்கம் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் கடையில் இது மாறிப்போவது சகஜம். கையில் வாங்கியதும் படித்துப் பாருங்கள்.

மற்றவை: 2 டன் தாங்கும் ட்ராலி ஜாக்கி, அதன் தலைக்கு ரப்பர் கட்டை, ஒரு ஜாக்கி ஸ்டாண்டு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை இரண்டு. பிளீடர் நிப்பிளுக்கு, அதாவது காலிபரிலிருந்து ஆயிலை வடிக்கும் சிறு போல்ட்டுக்கு, பொருந்தும் ரிங் ஸ்பேனர் (8, 10, 11 மி.மீ. இவற்றில் ஒன்றாக இருக்கும்; வாய்த்திறந்த ஸ்பேனர் வேண்டாம், முனை மழுங்கிவிடும்). ஒரு மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் குழாய், மூடியில் துளை போட்ட கண்ணாடி பாட்டில், புதிய 50 மி.லி. சிரிஞ்சு, புதிய புனல், பிரேக் கிளீனர் ஸ்பிரே, துரு இளக்கும் ஸ்பிரே, ரப்பர் கையுறை, கண் பாதுகாப்புக் கண்ணாடி, பழைய துணி, ஒரு பக்கெட் தண்ணீர். சக்கர நட்டை முறுக்க டார்க் ரெஞ்ச். அரை அடி நீள மரக்கட்டை ஒன்று. அது எதற்கு என்பது பின்னால் வரும்.

உதவிக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும்.

முந்தின நாள்

வண்டியின் ரீஜென் அளவை (மோட்டாரே வண்டியை நிறுத்தும் பிடிப்பை) குறைந்தபட்சத்தில் வைத்து, பிரேக்கை மட்டும் பயன்படுத்தி 8, 10 கி.மீ. ஓட்டிவிட்டு வந்து நிறுத்துங்கள். இறங்கியதும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகேயும் கையை ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். டிஸ்க்கைத் தொடக் கூடாது. இடது முன், வலது முன் இரண்டும் ஒரே அளவு சுட வேண்டும்; பின்சக்கரங்களும் அப்படியே. ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அந்தக் காலிபர் இறுகியிருக்கிறது. ஆயில் மாற்றுவதால் அது சரியாகாது, பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்க வேண்டும். அதைச் செய்துவிட்டு ஆயிலுக்கு வாருங்கள்.

வண்டி ஆறிய பிறகு நான்கு பிளீடர் நிப்பிள்களிலும் துரு இளக்கும் ஸ்பிரே ஒரு சொட்டு விட்டு வையுங்கள். டிஸ்க், பேட் மேல் படக் கூடாது. ஒரு ராத்திரி ஊறினால் மறுநாள் நிப்பிள் முறியாமல் திரும்பும்.

நாள் தேர்வும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டப்பாவைத் திறக்காதீர்கள். மாசிக்குப் பிறகு காய்ந்த ஒரு நாளின் முற்பகல் பொருத்தமானது.

வேலை வரிசை

1. சமமான சிமெண்ட் தரையில் நிறுத்துங்கள். மண் தரையில் ஜாக்கி போடவே கூடாது. மின்சாரக் கார் அதே அளவு பெட்ரோல் காரைவிடக் கனம், ஜாக்கி மண்ணில் இறங்கிச் சாயும். பார்க்கிங் பிரேக் போடுங்கள். பானெட்டையும் டிரைவர் கதவையும் திறந்தே வையுங்கள்.

2. வண்டியை அணைத்து, சாவியை வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். இந்தப் படியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பெட்ரோல் வண்டி ஓடினால் சத்தம் கேட்கும். மின்சாரக் காரில் சாவி பக்கத்தில் இருந்து, உதவியாளர் பிரேக்கை மிதித்துக்கொண்டே பட்டனைத் தட்டிவிட்டால் வண்டி சத்தமில்லாமல் தயார் நிலைக்கு வந்துவிடும். கீழே நீங்கள் சக்கரத்துக்குள் கைவிட்டிருப்பீர்கள். கையேடு அனுமதித்தால் 12 வோல்ட் பேட்டரியின் நெகடிவ் முனையையும் கழற்றுங்கள். இது கரகம்பாடியில் செய்கிற அமரான் போன்ற சாதாரண பேட்டரிதான், பயப்பட வேண்டாம். ஆரஞ்சு நிற வயர் எதையும், அது போகும் பெட்டி எதையும் எந்தக் கட்டத்திலும் தொடக் கூடாது.

3. டப்பாவைச் சுற்றிலும் ஈரத்துணி விரியுங்கள். மூடியைத் துடைத்துவிட்டுத் திறவுங்கள். சிரிஞ்சால் பழைய ஆயிலை உறிஞ்சி எடுங்கள், அடியில் கொஞ்சம் இருக்கட்டும். புதிய ஆயிலை மேல்கோடு வரை ஊற்றி மூடியை இலேசாக மேலே வைத்துவிடுங்கள். பெயிண்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்; துடைத்தால் பரவும், பெயிண்ட் உரியும்.

4. பிரேக் பெடலுக்கு அடியில் மரக்கட்டையை வையுங்கள். பெடல் வழக்கமாக அடிவரை போவதில்லை, ஆகவே மாஸ்டர் சிலிண்டரின் கடைசிப் பகுதி பல ஆண்டுகளாகத் தொடப்படாமல் அழுக்கேறிக் கிடக்கும். பிளீடிங் (நிப்பிள் வழியாகப் பழைய ஆயிலை வடிப்பது) செய்யும்போது பெடல் அங்கே போய் இடித்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் கிழியும். வேலை முடிந்த மறுநாள் பெடல் மெல்ல மெல்ல இறங்குகிறது என்று வரும் புகார்களில் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

5. முதல் சக்கரம் எது? மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவில் இருப்பது. நம் நாட்டு வண்டியில் ஸ்டீயரிங் வலது பக்கம், மாஸ்டர் சிலிண்டரும் அங்கேதான். எனவே இடது பின், வலது பின், இடது முன், வலது முன் என்பது வழக்கமான வரிசை. அமெரிக்க வீடியோ பார்த்துக் கற்றவர்கள் வலது பின்னிலிருந்து தொடங்குவார்கள். அங்கே ஸ்டீயரிங் இடது பக்கம். கையேடு வேறு வரிசை கொடுத்திருந்தால் அதுவே இறுதி.

6. எதிர்ச்சக்கரத்துக்கு இரு பக்கமும் முட்டுக்கட்டை கொடுங்கள். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே இளக்குங்கள். கையேட்டில் காட்டிய ஜாக்கி இடத்தில் மட்டும் ரப்பர் கட்டையோடு தூக்குங்கள். வண்டியின் அடிப்பகுதி முழுக்கப் பேட்டரிப் பெட்டி. அதில் ஜாக்கி பட்டால் ஆயில் வேலை லட்சக்கணக்கில் செலவாகும் வேலையாக மாறிவிடும். தூக்கியதும் ஸ்டாண்டு வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு சக்கரம் மட்டும் தூக்கினால் போதும்.

7. சக்கரத்தைக் கழற்றி, காலிபர் ஜன்னல் வழியாக உள் பேட், வெளிப் பேட் இரண்டின் கனத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் தேய்ந்திருந்தால் பின் இறுகியிருக்கிறது. ரப்பர் குழாயை மடக்கிப் பார்த்து வெடிப்பு இருக்கிறதா என்று கவனியுங்கள். பின்பக்கம் மின்சாரப் பார்க்கிங் பிரேக் இருந்தால் அந்தக் காலிபரைக் கழற்ற முயல வேண்டாம். ஆயில் மாற்ற அது தேவையும் இல்லை.

8. நிப்பிளின் ரப்பர் தொப்பியை எடுத்து, ரிங் ஸ்பேனரை முதலில் மாட்டி, அதன் மேல் குழாயைச் செருகுங்கள். குழாயின் மறுமுனை பாட்டிலில் இரண்டு விரல் அளவு ஊற்றிய புதிய ஆயிலுக்குள் முழுகி இருக்க வேண்டும். அப்போதுதான் காற்று திரும்பி உள்ளே போகாது.

9. உதவியாளர் நிதானமாகப் பெடலை மிதித்துப் பிடிக்கிறார். நீங்கள் நிப்பிளைக் கால் திருப்பு முதல் அரைத் திருப்பு வரை திறக்கிறீர்கள். பழைய ஆயில் குழாயில் வரும், பெடல் கட்டையில் போய் உட்காரும். பெடல் கீழே இருக்கும்போதே நிப்பிளை மூடுங்கள். மூடிய பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும். முன்னதாகக் காலை எடுத்துவிட்டால் காற்று உள்ளே ஏறும். பூஸ்டர் உதவி இல்லாததால் பெடல் கனமாக இருக்கும், அது இயல்பு.

10. ஐந்து, ஆறு மிதிக்கு ஒரு தரம் டப்பாவைப் பார்த்து நிரப்புங்கள். கீழ்க்கோட்டுக்குக் கீழே ஒருபோதும் போகக் கூடாது. குழாயில் தெளிந்த புது ஆயில், குமிழியில்லாமல் வரும்வரை தொடருங்கள். பின்சக்கரங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் 200 முதல் 250 மி.லி., முன்சக்கரங்களுக்கு 100 முதல் 150 மி.லி. வரை பிடிக்கலாம்.

11. நிப்பிளை மூடி அளவாக இறுக்குங்கள். உள்ளே துளையுள்ள சிறிய போல்ட் அது, சக்கர நட்டு போல் முறுக்கினால் முறிந்துவிடும். பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்து, தொப்பியைப் போட்டு, சக்கரத்தை மாட்டி இறக்கி, நட்டுகளைக் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் குறுக்கும் நெடுக்குமாக இறுக்குங்கள். பிறகு அடுத்த சக்கரம்.

குறிப்பு: சொல் ஒன்றாக இருக்கட்டும்

தமிழ்நாடு-ஆந்திர எல்லைப்புற வீடுகளில் ஒருவர் தமிழில் பேச மற்றவர் தெலுங்கில் பதில் சொல்வது வழக்கம். இந்த வேலையில் அது குழப்பம். ‘அழுத்து, பிடி, விடு’ என்றோ ‘நொக்கு, பட்டுகோ, வதுலு’ என்றோ ஒன்றைத் தொடங்குமுன் முடிவு செய்துகொள்ளுங்கள். கீழே இருப்பவர் சொல்ல வேண்டும், மேலே இருப்பவர் அதே சொல்லைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். ‘சரி’ என்ற சொல்லைப் பயன்படுத்தவே வேண்டாம். மூடிவிட்டேன் என்றும் புரியும், மூடு என்றும் புரியும்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

டப்பாவைக் கவனிக்காமல் விடுவதுதான் முதலாவதும் மோசமானதும். வேலை சுவாரசியமாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆயில் தீர்ந்து மாஸ்டர் சிலிண்டருக்குள் காற்று போய்விடும். அங்கிருந்து ஏபிஎஸ் பெட்டிக்குள் நுழைந்தால் வீட்டில் எடுக்க முடியாது, கணினி வைத்து வால்வைத் திறந்துதான் எடுக்க முடியும். காற்று நுழையாமல் முறையாகச் செய்தால் ஏபிஎஸ் பெட்டிக்குள் சிறிதளவு பழைய ஆயில் தங்கிவிடுமே என்று கேட்பவர்கள் உண்டு. தங்கும். அது மொத்தத்தில் மிகக் கொஞ்சம். காலிபரில் இருந்த ஆயில் முழுக்க வெளியே வந்துவிட்டதுதான் இந்த வேலையின் பலன்.

இன்னொன்று, வேறு எண்ணெய் கலப்பது. என்ஜின் ஆயில், கியர் ஆயில், டீசல், பெட்ரோல் எதுவும் இந்த அமைப்புக்குள் ஒரு சொட்டும் போகக் கூடாது. ரப்பர் வாஷர்கள் எல்லாம் ஊதிப் பெருத்துவிடும். அதனால்தான் சிரிஞ்சும் புனலும் புதிதாக வாங்கச் சொல்கிறேன். தவறி ஊற்றிவிட்டால் பெடலை மிதிக்காதீர்கள். மிதிக்காதவரை கேடு பெரும்பாலும் டப்பாவோடு நிற்கும்.

பிரேக் ஆயில் விஷம். பழைய ஆயிலைத் தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ பிடித்து வைக்காதீர்கள், அது குழந்தை கைக்குப் போகும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் நீண்ட நேரம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். வடிந்த ஆயிலைச் சாக்கடையிலோ ஏரிக்கரையிலோ ஊற்றக் கூடாது. புது ஆயில் வந்த காலி டப்பாவிலேயே அதை ஊற்றி, மேலே ‘பழையது’ என்று எழுதி, கழிவு ஆயில் சேகரிக்கும் சர்வீஸ் நிலையத்தில் கொடுங்கள். என்ஜின் ஆயிலோடு கலந்து கொடுத்தால் அவர்களுக்கும் பயன்படாது. மிஞ்சிய புது ஆயிலை அடுத்த முறைக்கு என்று எடுத்து வைப்பதில் லாபமில்லை. இரண்டு ஆண்டில் அதுவும் ஈரமாகியிருக்கும்.

சோதனை

மரக்கட்டையை எடுத்துவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். டப்பாவை மேல்கோடு வரை நிரப்பி மூடியை இறுக்குங்கள். வண்டி அணைந்த நிலையில் பெடலைப் பல முறை மிதியுங்கள். கல் போல் இறுக வேண்டும். பிறகு 12 வோல்ட் முனையை மாட்டி, சாவியைக் கொண்டுவந்து, பெடலில் கால் வைத்தபடி வண்டியைத் தயார் நிலைக்குக் கொண்டுவாருங்கள். பூஸ்டர் உதவிக்கு வந்ததும் பெடல் சற்று இறங்கி நிற்கும். ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அதே இடத்தில் நின்றால் சரி. மெல்ல இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது அல்லது மாஸ்டர் சிலிண்டரில் குறை. பஞ்சு போல் நெகிழ்ந்தால் காற்று இருக்கிறது, இடது பின்னிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். நான்கு நிப்பிளையும் காய்ந்த வெள்ளைத் துணியால் தொட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டக் கூடாது.

அடுத்ததுதான் மின்சாரக் காருக்கே உரிய சோதனை. சாதாரணமாக ஓட்டிப் பார்த்தால் உங்களுக்கு எதுவும் தெரியாது; வேகத்தைக் குறைப்பது மோட்டாராக இருக்கும், பிரேக் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வீர்கள். ஆளில்லாத சமதளச் சாலையில், ரீஜென்னைக் குறைந்தபட்சத்தில் வைத்து நடைவேகத்தில் நிறுத்துங்கள். பிறகு 20 கி.மீ. வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றி, மோட்டார் பிடிப்பு இல்லாமல் வெறும் பிரேக்கால் நிறுத்துங்கள். வண்டி இடம் வலம் இழுக்காமல் நேராக நிற்க வேண்டும். அதன் பிறகே 40-லிருந்து நிறுத்திப் பாருங்கள். இரண்டு மூன்று நாள் ஊருக்குள் ஓட்டி, டப்பா மட்டம் இறங்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, சக்கர நட்டுகளை மறுபடி ஒரு முறை டார்க் ரெஞ்சால் பார்த்துவிட்டுத் திருமலைக்குப் போகலாம். தேதியை டப்பா மூடியில் ஒட்டிய டேப்பில் எழுதி வையுங்கள்.

கைவிட வேண்டிய கட்டம்

நிப்பிள் முனை மழுங்கினால், முறிந்தால், திரும்பவே மறுத்தால், இரண்டாவது முறை பிளீடிங் செய்தும் பெடல் இறுகாமல் இருந்தால், டேஷ்போர்டில் பிரேக் அல்லது ஏபிஎஸ் விளக்கு அணையாமல் இருந்தால் வேலையை நிறுத்துங்கள். அந்த வண்டியை மெல்ல ஓட்டிக்கொண்டே மெக்கானிக் வரை போய்விடலாம் என்ற எண்ணம் வேண்டாம். மோட்டார் பிடிப்பு இருக்கிறதே என்று நம்பவும் வேண்டாம். அவசரத்தில் நிறுத்தும் வலு அதற்கு இல்லை. இன்னொரு வண்டியில் கயிறு கட்டி இழுப்பதும் கூடாது. பல மின்சாரக் கார்களில் மோட்டாரோடு இணைந்த சக்கரம் தரையில் உருண்டால் மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தை உற்பத்தி செய்து, உள்ளிருக்கும் இன்வெர்ட்டரைக் கெடுக்கக்கூடும். நான்கு சக்கரமும் மேலே நிற்கும் தட்டை மேடை லாரியைக் கேட்டு வரவழையுங்கள். கம்பெனியின் சாலை உதவி எண்ணில் கூப்பிடும்போதே ‘மின்சாரக் கார், பிரேக் இல்லை, தட்டை லாரி வேண்டும்’ என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். கொக்கி போட்டு முன்சக்கரத்தை மட்டும் தூக்கும் வண்டி வந்துவிட்டால் திருப்பி அனுப்பிவிட்டு, அடுத்தது வரும்வரை முட்டுக்கட்டையை எடுக்காமல் வையுங்கள்.